திறமூலத் திட்டத்தை ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தல்

ஒருவரோ ஒரு கம்பெனியோ எழுதத் தொடங்கி, பிறகு பலருடைய கைபட்டு வளர்ந்து, இன்று எத்தனையோ இயந்திரங்களில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திறமூல மென்பொருளை, அப்பாச்சி மென்பொருள் ஸ்தாபனம் போன்றதொரு பெரிய பொது ஸ்தாபனத்தின் ஆதரவில் கொண்டு சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் அதன் கர்த்தாக்களுக்கு உதிக்கும்போது, அவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் களஞ்சியத்தின் முகவரி மாறுமா, இணையதளத்தை எங்கே வைப்பது, பழைய பிழைப் பதிவுகள் என்னவாகும் என்பன போன்ற விஷயங்களைத்தான். அவையெல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடக்கூடிய காரியங்கள். அவற்றைச் செய்துகொடுக்க ஸ்தாபனத்தில் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த இடப்பெயர்ச்சியில் மெய்யாகக் கைமாறுகிறவை, திட்டத்தின் பெயரை ஆளும் பாத்தியதை, எது அதிகாரபூர்வமான வெளியீடு என்று நிச்சயிக்கும் அதிகாரம், யாரைப் புதிதாக உள்ளே சேர்ப்பது என்று முடிவுசெய்யும் உரிமை ஆகியவையே. இவற்றை விட்டுக்கொடுக்க மனம் ஒப்புகிறதா என்னும் கேள்விக்கு நேர்மையாக விடை கண்ட பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குவது முறை.

தன் தோட்டத்துக் கிணற்றை ஊருக்கென்று எழுதிக் கொடுத்த குடியானவர், மறுநாள் காலையில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களுள் ஒருவராகத்தான் நிற்க வேண்டும். வெட்டினவர் என்ற மரியாதை அவருக்கு என்றும் உண்டு, ஆனால் கிணற்றடிக் கதவின் சாவி அவரிடம் இராது. ஸ்தாபனத்தில் சேர்ந்த திட்டத்தின் மூலகர்த்தாவுக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் இதை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும் என்று கேட்கலாம். 2023 ஆகஸ்டில், டெராஃபார்ம் என்னும் மென்பொருளை உருவாக்கிய ஹாஷிகார்ப் கம்பெனி, அதுகாறும் இருந்த திறமூல உரிமத்தை நீக்கி, வியாபாரப் போட்டியாளர்களைக் கட்டுப்படுத்தும் வேறோர் உரிமத்தை வைத்தது. அடுத்த மாதமே அதன் பழைய நிரலிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபு, லினக்ஸ் ஸ்தாபனத்தின் நிழலில் வந்து சேர்ந்தது. கம்பெனி செய்தது சட்டத்துக்குப் புறம்பானது அன்று. பெயரும் உரிமத்தை மாற்றும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தமையால் அது அவ்வாறு செய்ய முடிந்தது. அம்மென்பொருளை நம்பித் தம் தொழிலை அமைத்துக்கொண்டவர்கள் திகைத்து நின்றார்கள். நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது, அதை நடத்தும் நிர்வாகமும் ஒருவர் கைக்குள் அடங்காததாக இருக்க வேண்டும் என்பதே ஸ்தாபனங்கள் இருப்பதன் நியாயம். கம்பெனி கைமாறினாலும், மூலகர்த்தா வேறு வேலைக்குப் போய்விட்டாலும், வழக்கு ஏதேனும் வந்தாலும், திட்டம் அநாதையாகிவிடாது. சம்பளம் பெறாமல் உழைக்கும் தொண்டர்கள் தம் சொந்தப் பொறுப்பில் நீதிமன்றப் படியேற வேண்டிய நிலையும் பெரும்பாலும் நேராது.

எந்த ஸ்தாபனம்

எல்லா ஸ்தாபனங்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல. லினக்ஸ் ஸ்தாபனம் தொழில் நிறுவனங்கள் அங்கத்துவம் பெற்று நடத்தும் சங்கம். கூபர்நெட்டிஸ் முதலானவை வாழும் சி.என்.சி.எஃப். என்னும் துணை ஸ்தாபனம் அதன் கீழ் 2015-இல் அமைந்தது. அப்பாச்சியோ அமெரிக்க வரிச்சட்டத்தின்படி ஒரு தர்ம ஸ்தாபனம். அதன் அங்கத்தினர் தனிமனிதர்கள் மட்டுமே, கம்பெனி எதுவும் பணம் கட்டி ஆட்சிக்குழுவில் இடம் பெற முடியாது. 2006-இல் தோன்றிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்ஸி, ஜி.பி.எல். போன்ற உரிமங்களை விரும்பி ஏற்பது. கிட் அங்கேதான் இருக்கிறது. அப்பாச்சியோ தன் திட்டங்களைத் தன் சொந்த உரிமத்தின் கீழ் மட்டுமே வெளியிடும். ஆகையால் உங்கள் திட்டத்தின் உரிமம் ஜி.பி.எல்.லாக இருந்து, அதை மாற்றுவதற்கு உங்களுக்கு மனமோ வழியோ இல்லையென்றால், அப்பாச்சியின் வாசலில் காத்திருப்பது வீண். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலில் தீர்மானிப்பது உரிமந்தான். இவ்வத்தியாயத்தில் அப்பாச்சியின் முறையையே விரித்துரைக்கக் காரணம், அதன் நடைமுறைகள் அனைத்தும் பகிரங்கமாக எழுதி வைக்கப்பட்டிருப்பதும், மற்ற இடங்களில் நேரும் சங்கடங்கள் யாவும் அங்கே தெளிவான உருவில் காணக்கிடைப்பதுமே.

பிரேரணை

இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் பிறந்த வலைச் சேவையகத்தை அதன் ஆசிரியர் விட்டுச் சென்றபின், ஆங்காங்கே அதைத் திருத்திப் பயன்படுத்திக்கொண்டிருந்த எட்டுப் பேர் 1995-இல் தம் திருத்தங்களை ஒன்றுசேர்த்ததே அப்பாச்சியின் ஆரம்பம். 1999-இல் அது சட்டபூர்வமான ஸ்தாபனமாயிற்று. வெளியில் பிறந்த திட்டங்களை உள்ளே சேர்த்துக்கொள்வதற்கென்றே 2002-இல் இன்குபேட்டர் என்னும் அமைப்பு ஏற்பட்டது. அதில் பயிற்சி பெறும் திட்டத்தைப் பாட்லிங் என்பார்கள். ஒரு கம்பெனிக்குள் இரகசியமாக எழுதப்பட்டு நேற்றுத் திறந்த நிரலாயினும், பத்தாண்டுக் காலம் பொதுவில் வாழ்ந்த திட்டமாயினும், வழி பெரும்பாலும் இதுதான்.

முதல் வேலை, சாம்பியன் ஒருவரைக் கண்டடைவது. அவர் ஸ்தாபனத்தின் அங்கத்தினராகவோ அதில் பொறுப்பு வகிப்பவராகவோ இருந்து, பிரேரணை எழுதுவதில் உங்களுக்குத் துணைநிற்பார். உங்கள் மென்பொருளை ஏற்கனவே தம் வேலையில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அப்பாச்சிக்காரர் ஒருவர் கிடைத்தால் அதுவே உத்தமம். முன்பின் அறியாத பெரியவர் ஒருவரின் பெயரைக் கௌரவத்துக்காகப் போட்டுக்கொள்வதால் பயனில்லை. அவரோடு, இன்குபேட்டர் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த மூன்று வழிகாட்டிகளாவது வேண்டும். இவர்கள் பரீட்சகர்கள் என்று எண்ணி அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. ஒவ்வொரு சந்தேகத்தையும் கூச்சமின்றி இவர்களிடம் கேட்டுவிடுகிற திட்டங்களே விரைவில் தேறுகின்றன.

பிரேரணையின் வார்ப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: திட்டத்தின் வரலாறு, நோக்கம், நிரலின் தற்போதைய நிலை, நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் அனுமதி பெறும் ஆரம்ப கமிட்டர்களின் பட்டியல், அவர்கள் எங்கெங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் அடங்கும். அதில் ஆபத்துகள் என்ற பகுதியைத்தான் விஷயமறிந்தவர்கள் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள். கம்பெனி நாளைக்குக் கைவிட்டால் திட்டம் பிழைக்குமா, சம்பளத்துக்கு எழுதுகிறவர்களைத் தவிர வேறு எவரேனும் எழுதுகிறார்களா, எல்லோரும் ஒரே கம்பெனியின் ஆட்களா என்றெல்லாம் அது கேட்கிறது. அப்பாச்சி என்னும் பெயரின்மீதுள்ள அளவுகடந்த மோகத்தால் வருகிறீர்களா என்றுகூட ஒரு தனித் தலைப்பே அதில் உண்டு. இப்பகுதியில் குறைகளை மறைத்து எழுதுவதைவிடத் தீங்கானது வேறில்லை. எங்கள் கமிட்டர்கள் அனைவரும் ஒரே கம்பெனியில் இருப்பவர்கள், இதை மாற்ற இன்னின்ன முயற்சி செய்ய எண்ணியிருக்கிறோம் என்று எழுதினவர்களை இன்குபேட்டர் திருப்பியனுப்புவதில்லை. குறையை அறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அது இருக்கிறது.

கமிட்டர் பட்டியலில் கம்பெனியின் மேலாளர்களையும், ஒருவரி நிரல்கூட, ஒரு பக்க ஆவணங்கூட எழுதாதவர்களையும் சேர்க்காதீர்கள். வெளியிலிருந்து பல ஆண்டுகள் பிழை திருத்தி அனுப்பிய ஒருவர் விடுபட்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் இடம்பெற்றிருந்தால், திட்டம் எத்தகையது என்பதை அந்த ஒரு பட்டியலே உலகத்துக்கு அறிவித்துவிடும். பிரேரணை பகிரங்கமாக விவாதிக்கப்பட்டு, பின்னர் குறைந்தது 72 மணி நேரம் வாக்குக்கு விடப்படும். இன்குபேட்டர் நிர்வாகக் குழுவினரின் வாக்கே முடிவைக் கட்டுப்படுத்தும்.

பாத்தியதைப் பத்திரங்கள்

இனி வருவது பொறுமையைச் சோதிக்கும் பகுதி. நிரலில் உள்ள ஒவ்வொரு வரியும் யாருடையது, அதை அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிட அவர் சம்மதித்தாரா என்பதற்குச் சான்று வேண்டும். நிரல் ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்தால், அது மென்பொருள் வழங்கல் பத்திரம் ஒன்றில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கமிட்டராகிற ஒவ்வொருவரும் ஐ.சி.எல்.ஏ. என்னும் தனிநபர் உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டும். இதைப் பற்றி ஒரு தவறான அச்சம் பரவியிருக்கிறது: கையொப்பமிட்டால் தம் எழுத்தின் பதிப்புரிமை பறிபோய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பதிப்புரிமை எழுதினவரிடமே நிற்கும்; திரும்பப் பெற இயலாத, கட்டணமற்ற, உலகெங்கும் செல்லக்கூடிய ஓர் அனுமதியையும், அந்த எழுத்தைத் தொடுகிற அளவுக்குத் தம் காப்புரிமைகளுக்கான அனுமதியையும் மட்டுமே அவர் ஸ்தாபனத்துக்கும் பயனாளர்களுக்கும் வழங்குகிறார். அதே நிரலை அவர் வேறெங்கும் தம் விருப்பப்படி உபயோகிக்கத் தடையில்லை.

நம் நாட்டில் வேலை பார்க்கும் நிரலாளர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் நிமித்தம் எழுதப்பட்டதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் முதலாளியே. வார விடுமுறையில் வீட்டில் எழுதியதையும் உட்படுத்தும் வாசகங்கள் வேலை ஒப்பந்தங்களில் இருக்கக்கூடும். ஆகையால் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்து, ஐயமிருந்தால் கம்பெனிக்கான உடன்படிக்கையையும் அவர்களிடமிருந்து பெற்றுவிடுவதே விவேகம். இதைச் செய்யாமல் விட்டு, பின்னாளில் ஒருவருடைய பங்களிப்பு முழுவதையும் நிரலிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டி வருவது, அவருக்கும் திட்டத்துக்கும் பெருந்துன்பம்.

அடுத்தது துணை லைப்ரரிகளின் உரிமங்கள். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. முதலிய தளர்வான உரிமங்கள் உடையவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். மொஸில்லா, எக்லிப்ஸ் உரிமங்கள் உடையவற்றைத் தொகுக்கப்பட்ட வடிவில், சில நிபந்தனைகளோடு, உடன் வைத்துக்கொள்ளலாம். ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல். உடையவை அப்பாச்சி வெளியீட்டில் இடம்பெறலாகாது. இந்த எல்லைக்கோடு சில வேளை எதிர்பாராத இடத்தில் குறுக்கிடும். ஜாவாவில் ஜேஸன் வடிவத் தரவைப் படிப்பதற்குப் பலரும் நீண்டகாலம் பயன்படுத்திய சிறு லைப்ரரி ஒன்றின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு ஆகாது என்று ஒரு வாசகம் இருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய வாசகந்தான். ஆனால் எது தீமை என்று யார் முடிவு செய்வது? உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் உரிமம் திறமூல உரிமம் ஆகாதென்று 2016-இல் அப்பாச்சி அதை விலக்கிவிட்டது. அதை நம்பியிருந்த திட்டங்கள் எல்லாம் மாற்று லைப்ரரி தேடின. மறு ஆண்டு ஜூலையில், ஃபேஸ்புக்கின் ரியாக்ட் முதலியவற்றோடு இணைந்திருந்த காப்புரிமைப் பின்னிணைப்பும் அவ்வாறே விலக்கப்பட்டது. செப்டம்பரில் ரியாக்டின் உரிமத்தையே எம்.ஐ.டி.யாக ஃபேஸ்புக் மாற்றிவிட்டதை நோக்கும்போது, இத்தகைய கண்டிப்பு வெறும் சட்ட நுணுக்கம் அன்று, மொத்தத் துறைக்கும் நன்மை செய்வது என்பதே என் அபிப்பிராயம்.

இவ்வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்களைச் சொல்லலாம். 2011 ஜூனில் ஆரக்கிள் கம்பெனி ஓப்பன் ஆபீஸை அப்பாச்சிக்கு வழங்கியது. பொருந்தாத உரிமமுடைய பகுதிகளை நீக்கி மாற்றி, அப்பாச்சியின் பெயரில் முதல் வெளியீடான 3.4 வர 2012 மே ஆயிற்று. நெட்பீன்ஸ் கதை இன்னும் நீளம். 2016 அக்டோபரில் அது இன்குபேட்டருக்குள் வந்தது, அந்தப் பெருநிரல் முழுவதையும் ஆரக்கிள் ஒரே தடவையில் வழங்க இயலாமல், சட்டப் பரிசோதனை முடிய முடியப் பகுதி பகுதியாக வழங்கியது, நெட்பீன்ஸ் 9.0 வெளிவந்தது 2018 ஜூலையில். இருபது ஆண்டு வளர்ந்த நிரலில், எந்தக் கோப்பை எவர் எங்கிருந்து கொணர்ந்தார் என்று தேடுவது அவ்வளவு கடினம். பெரிய திட்டம் வைத்திருப்போர் நெட்பீன்ஸைப் போல, முதலில் உட்கருவை மட்டும் சுத்தப்படுத்திக் கொணர்ந்து, மற்றவற்றைப் பின்னால் சேர்ப்பது நலம்.

பெயர்

பெயரைப் பற்றிய மனஸ்தாபங்கள் நிரலைப் பற்றியவற்றைக் காட்டிலும் கசப்பானவை. இன்குபேட்டரில் சேர்ந்ததும், அந்தப் பெயரில் வேறு மென்பொருளோ வர்த்தக முத்திரையோ இருக்கிறதா என்று முறையாகத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வளர்ந்த ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் திட்டம், 2014-இல் அப்பாச்சிக்கு வந்தபோது, அப்பெயர் மற்றவற்றோடு மோதுவதால் ஃபிளிங்க் என்று மாறியது. அதே ஆண்டில் வந்த ஆப்டிக், கால்ஸைட் ஆயிற்று. இவ்விரண்டும் இன்று புதுப் பெயர்களாலேயே உலகெங்கும் அறியப்படுகின்றன என்பதைப் பெயரை மாற்றத் தயங்குவோர் நினைவிற்கொள்ளலாம். ஆனால் மாற்றுவதென்றால், முதல் வெளியீட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். நிரலின் ஒவ்வொரு தொகுதியிலும் பழைய பெயர் வேரோடிய பிறகு மாற்றுவது, பயனாளர்களையும் சேர்த்துத் துன்புறுத்துவதாகும்.

பெயர் மாறாவிட்டாலும் அதன் உடைமை மாறுகிறது. பதிவுசெய்த முத்திரை இருந்தால் அதையும், இணையதள முகவரியையும் ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதன்பின், திட்டத்தை வழங்கிய கம்பெனிக்கும் அதன் போட்டியாளருக்கும் அப்பெயரின் விஷயத்தில் ஒரே நியதி. திட்டத்தின் பெயரையே தன் விற்பனைப் பொருளின் பெயராக முன்போல் வைத்துக்கொள்ள அக்கம்பெனிக்கும் அனுமதி வேண்டும். இதை விற்பனைப் பிரிவினர் கடைசியில் அறிந்து அதிர்ச்சியடைவது வழக்கம். பிரேரணை அனுப்புமுன்பே அவர்களை அழைத்து உட்காரவைத்து இதை எடுத்துச் சொல்லி, எழுத்துமூலம் அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுவிடுவது, பின்னால் வரக்கூடிய பல வழக்காடல்களைத் தவிர்க்கும்.

முதல் வெளியீடு

அப்பாச்சியில் வெளியீடு என்றால் மூலநிரலின் தொகுப்பு என்றே பொருள். ஓடக்கூடிய வடிவில் தருபவை பயனாளரின் வசதிக்கானவை. தொகுப்பில் உரிமக் கோப்பும் அறிவிப்புக் கோப்பும் இருக்க வேண்டும். நிரல் கோப்புகளின் தலைப்பில் உரிமக் குறிப்பு வேண்டும். இது இன்னும் இன்குபேட்டரில் இருக்கும் திட்டம் என்னும் எச்சரிக்கையும் வேண்டும். தலைப்புக் குறிப்புகளைச் சோதிக்க ராட் என்னும் கருவி இருக்கிறது. தயாரித்தவர் தம் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்புத் தொகையையும் உடன் வைத்து வாக்குக்கு விடுவார். கட்டுப்படுத்தும் வாக்குகளில் மூன்றேனும் ஆதரவாக இருந்து, ஆதரவு எதிர்ப்பினும் மிகுந்திருந்தால் வெளியீடு நிறைவேறும். பாட்லிங் சமுதாயம் வாக்களித்தபின் இன்குபேட்டர் குழுவும் வாக்களிக்கும்.

முதல் தடவையில் பெரும்பாலும் நிறைவேறாது. அறிவிப்புக் கோப்பில் வேண்டாதது இருக்கும், எழுத்துருவோ படமோ ஒன்றின் உரிமம் விட்டுப்போயிருக்கும், தொகுக்கப்பட்ட ஜார் கோப்பு ஒன்று மூலத்தொகுப்பில் ஒளிந்திருக்கும். இதனால் மனம் தளர வேண்டியதில்லை; குறை இருப்பதை அறிந்தே வெளியிடுகிறோம் என்று அறிவிக்கும் விசேஷ எச்சரிக்கைக் கோப்பொன்றை அனுமதித்து, பாட்லிங்குகளுக்கென இன்குபேட்டர் சிறிது விலக்கும் அளிக்கிறது. நிரல் முழுவதும் பக்குவமாகட்டும் என்று காத்திராமல், சேர்ந்த சில மாதங்களிலேயே சிறியதொரு வெளியீட்டை முயல்வது நல்லது.

சமுதாயம்

மேலே சொன்னவையெல்லாம் உழைத்தால் முடியும் காரியங்கள். பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுவது சமுதாயத்தை அமைப்பதில்தான். ஒரே அறையில் உட்கார்ந்து, தேநீர் வேளையில் பேசி முடிவெடுத்து, மாலையில் நிரலை எழுதிவிட்டுப் போகிற பழக்கம் கொண்ட குழு, இனித் தன் ஆலோசனைகளை எல்லாம் பகிரங்கமான மடற்குழுவில் எழுத்தில் நடத்த வேண்டும். அங்கே பதிவாகாத முடிவு முடிவே அன்று என்பது அப்பாச்சியின் சம்பிரதாயம். இது வீண் சடங்கென்று தோன்றலாம். ஆனால் சென்னையில் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதும் ஒருவரும், பெர்லினில் வேலைநேரத்தில் எழுதும் ஒருவரும், சான் பிரான்சிஸ்கோவில் அப்போதுதான் கண்விழித்த ஒருவரும் சரிசமமாக ஓர் ஆலோசனையில் கலந்துகொள்ள வேறு வழியில்லை. எதற்கும் 72 மணி நேரம் காத்திருப்பது உலகின் எந்த மூலையிலிருப்பவருக்கும் படித்துப் பதில் எழுத அவகாசம் தருவதற்கே. அதற்குள் எவரும் மறுக்காவிட்டால் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். நிரல் மாற்றத்தைப் பொறுத்தவரை ஒரு கமிட்டர் தகுந்த தொழில்நுட்பக் காரணம் காட்டித் தடை செய்யலாம். காரணமற்ற தடைக்கு மதிப்பில்லை.

பேசுகிறவர் தம் பெயரில் பேசுகிறார், கம்பெனியின் பெயரில் அல்ல என்பது மற்றொரு விதி. ஒரு கம்பெனியின் தலைமைப் பொறியாளரும் கல்லூரி மாணவரும் கமிட்டர்களாக இருந்தால் இருவர் வாக்கும் ஒன்றே. வேலையை விட்டு நீங்கினாலும் கமிட்டர் தகுதி அவரோடு செல்லும், பின்னால் வந்தவருக்குத் தானாகக் கிடைக்காது. தம் கீழ் வேலை பார்ப்பவர் பொதுமன்றத்தில் தம் யோசனையை மறுத்து வாக்களிப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாத மேலாளர் இருக்கும் இடத்தில் இந்த ஏற்பாடு நிலைக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நிரலில் ஒரு குறையும் இல்லாத திட்டங்கள்கூட இந்த ஒன்றினால் தேய்ந்துபோவதைத் திறமூல உலகம் மறுபடி மறுபடி கண்டிருப்பதுதான்.

புதியவர்களை ஈர்ப்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். அவர்களுடைய முதல் திருத்தத்துக்கு விரைவாகவும் மரியாதையாகவும் விடை கொடுங்கள். எளிய வேலைகள் சிலவற்றை நீங்களே செய்து முடித்துவிடாமல் அவர்களுக்கென விட்டுவையுங்கள். ஆவணம் எழுதுகிறவரையும், பயனாளர் கேள்விகளுக்கு விடையளிக்கிறவரையும் நிரல் எழுதுகிறவருக்குச் சமமாக மதித்து, காலம் தாழ்த்தாமல் கமிட்டராக அழையுங்கள். இன்னும் சிறிது போகட்டும், இன்னும் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதால் நல்லவர்கள் சலித்துப் போய்விடுகிறார்கள். முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பாட்லிங் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் வழிகாட்டிகள் ஆவலோடு பார்ப்பது புதிய கமிட்டர் எவரேனும் சேர்ந்தாரா என்பதைத்தான்.

இன்குபேட்டரிலிருந்து வெளியேறுதல்

விதிப்படி வெளியீடுகள் செய்யவும், பெயரையும் பாத்தியதையையும் தெளிவாக வைத்துக்கொள்ளவும், பல இடங்களிலிருந்து வந்தவர்கள் கூடி நிர்வகிக்கவும் கற்றுக்கொண்ட பாட்லிங், தன் சமுதாயத்தின் வாக்கும் இன்குபேட்டரின் வாக்கும் பெற்று, இறுதியில் இயக்குநர் குழுவின் தீர்மானத்தால் சுதந்திரமான மேல்நிலைத் திட்டமாகிறது. ஏற்கனவே பொதுவில் கலந்து பேசி வாழ்ந்துவந்த சப்வெர்ஷன், 2009 நவம்பரில் நுழைந்து 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. சூப்பர்செட் 2017-இல் நுழைந்து 2020-இல்தான் தேறியது. நீண்ட காலம் ஆவது இழுக்கில்லை. நிரலின் தரத்தைவிடக் குழுவின் பழக்கங்களே இக்காலத்தை நிர்ணயிக்கின்றன. புரவலர் விலகியதால் இங்கு வந்தவற்றுள் குரூவி என்னும் மொழியின் கதை ஊக்கமளிப்பது: 2015-இன் தொடக்கத்தில் பிவோட்டல் கம்பெனி தன் ஆதரவை நிறுத்திக்கொண்டபோது, தொண்டர்களாகவே திரண்டு நின்ற அச்சமுதாயம் அப்பாச்சிக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே மேல்நிலை எய்தியது.

எதிர்மறையான உதாரணங்களும் உண்டு. கூகுள் 2010-இல் வேவ் என்னும் தன் சேவையைக் கைவிட்டபின், அதன் நிரல் அவ்வாண்டின் இறுதியில் இன்குபேட்டருக்கு வந்தது. போதிய சமுதாயம் திரளாமல், ஆண்டுகள் பல கடந்து, 2018-இல் ஓய்வு கொடுக்கப்பட்டது. எம்.எக்ஸ்.நெட் 2017-இல் நுழைந்து, 2022-இல் தேறி, மறு ஆண்டே செயலற்ற திட்டங்களைப் பேணும் அட்டிக்கிற்குச் சென்றது. இலங்கையில் வேரூன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பெனி 2013-இல் வழங்கிய ஸ்ட்ராடோஸ், மறு ஆண்டு மேல்நிலை எய்தியும் பின்னர் அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஸ்தாபனம் நிரலைக் காக்கும். எழுத ஆளைக் கொடுக்காது. நிரல் எழுதுவதற்கு அப்பாச்சி எவருக்கும் சம்பளம் தருவதில்லை. ஆகையால் தன் கம்பெனி கைவிடப்போகும் பண்டத்துக்கு இறுதி மரியாதை செய்யும் இடமாக ஸ்தாபனத்தைக் கருதுவது, அங்கே உழைக்கும் தொண்டர்களுக்குச் செய்யும் அநீதி. ஆட்களும் உற்சாகமும் இருக்கும்போதே, கம்பெனி இன்னும் சில ஆண்டுகள் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கும்போதே வாருங்கள்.

பிரேரணை எழுதத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் களஞ்சியத்தின் வரலாற்றைத் திறந்து, முதல் நாளிலிருந்து நிரல் அளித்த ஒவ்வொருவருடைய பெயரையும், அவர் அப்போது எங்கே வேலையிலிருந்தார் என்பதையும், அவருடைய பங்கு எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறது என்பதையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். பக்கத்திலேயே, ஒவ்வொரு துணை லைப்ரரியின் உரிமத்தையும் எழுதுங்கள். நிரல் அளித்தவர்களுள் இன்று தொடர்பற்றுப் போனவர்களுக்கு இப்போதே கடிதம் போடுங்கள். விடை வர மாதங்கள் ஆகலாம். பட்டியல் முடிந்ததும் அதைத் திட்டத்தில் உழைக்கும் எல்லோருக்கும் பகிரங்கமாகக் காட்டி, அப்பாச்சிக்குச் செல்வது பற்றி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.